பிரிக்ஸ்: வாசிப்பு வட்டத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நாளிதழ் வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்திவருகிறேன். பணி ஓய்வு பெற்றவர்கள், தொடக்கக் கல்லூரி மாணவர்கள், தேக்காவில் கடை வைத்திருப்பவர்கள், இந்தியாவிலிருந்து வந்து இங்கு வேலை பார்ப்பவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். இந்தோனேசியா பிரிக்ஸில் சேர்ந்ததும் மலேசியா அதன் பங்காளி நாடானதும் செய்தியில் வந்த பிறகு, எதைப் படிக்க எடுத்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் ஆதியிலிருந்து விளக்கி அலுத்துவிட்டதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். பதிலில் என் சொந்தக் கருத்து கலக்கும் இடங்களில் அப்படியென்று சொல்லிவிடுகிறேன்.

பிரிக்ஸ், பிரிக்ஸ் என்கிறார்களே, அது என்ன? யார் யார் அதில் இருக்கிறார்கள்?

வளர்ந்துவரும் பொருளியல்களைக் கொண்ட நாடுகள், உலக விவகாரங்களில் தங்கள் பேச்சும் எடுபட வேண்டும் என்பதற்காக ஆண்டுதோறும் கூடும் குழு அது. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா ஆகிய நான்கும் தொடங்கின. 2011இல் சீனாவின் சான்யா நகரில் நடந்த மாநாட்டில் தென்னாப்பிரிக்கா முதன்முறையாகக் கலந்துகொண்டது. இந்த ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகள்தான் பெயர்.

2024 ஜனவரி முதல் நாள் எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு சிற்றரசுகள் ஆகியவை உள்ளே வந்தன. 2025 ஜனவரியில் இந்தோனேசியா. ஆகப் பத்து. சவூதி அரேபியாவைப் பதினொன்றாவதாகச் சிலர் எண்ணுவார்கள். அது ஒரு தனிக்கதை, பின்னால் வருகிறது.

யாரோ ஒரு வங்கிக்காரர் வைத்த பெயர் என்று என் மகன் சொல்கிறான். நாடுகளின் குழுவுக்கு வங்கிக்காரர் எப்படிப் பெயர் வைக்க முடியும்?

மகன் சொல்வது சரிதான். அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸில் பொருளியல் ஆய்வுக்குத் தலைமை வகித்த ஜிம் ஓ'நீல், 2001 நவம்பரில் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா நான்கும் வரும் ஆண்டுகளில் வேகமாக வளரும், பணக்கார நாடுகள் தங்கள் மேசையில் இவற்றுக்கு இடம் விட வேண்டும் என்பது அவர் வாதம். அந்த நான்குக்கும் அவர் வைத்த சுருக்கப்பெயர்தான் 'பிரிக்'. அப்போது அந்த நாடுகள் ஒரு குழுவாக இல்லவே இல்லை.

2006 செப்டம்பரில் ஐநா பொதுச் சபைக்காக நியூயார்க் வந்திருந்த நான்கு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் தனியே சந்தித்துக்கொண்டார்கள். 2009 ஜூனில் ரஷ்யாவின் யெகாத்தரின்பர்க் நகரில் தலைவர்களே கூடினார்கள். அந்தக் காலக்கணக்கைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கின் நிதிச் சந்தையான வால் ஸ்திரீட்டில் தொடங்கிய 2008 நிதி நெருக்கடி உலகையே உலுக்கி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. உலகப் பொருளியலை நடத்தத் தெரிந்தவர்கள் நாங்கள்தான் என்று மேலை நாடுகள் சொன்னால் மற்றவர்கள் சிரித்துவிடும் நேரம் அது. இன்னொரு வேடிக்கை: தென்னாப்பிரிக்காவைச் சேர்த்தபோது, அதன் பொருளியல் மற்ற நான்கோடு வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பெரியதல்ல என்று பெயர் வைத்த ஓ'நீலே குறை சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இது நேட்டோ மாதிரியா, ஐரோப்பிய ஒன்றியம் மாதிரியா?

இரண்டும் இல்லை. நேட்டோவில் ஒரு நாட்டைத் தாக்கினால் எல்லா நாட்டையும் தாக்கியதாகக் கொள்வார்கள். பிரிக்ஸில் அப்படியோர் ஒப்பந்தம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பொதுச் சட்டமும் நாடாளுமன்றமும் பொதுச் சுங்க வரியும் உண்டு. இங்கு அவையும் இல்லை. அமைப்பை நிறுவிய ஒப்பந்தமோ நிரந்தரச் செயலகமோ தலைமையகமோகூட இல்லை. ஆண்டுக்கு ஒரு நாடு தலைமை ஏற்று, கூட்டங்களை நடத்தி, கூட்டறிக்கையை எழுதி முடிக்கும். 2025இல் பிரேசில், 2026இல் இந்தியா. எல்லா முடிவுக்கும் எல்லாரும் இசைய வேண்டும்.

இந்த ஒரு பதிலை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

சட்டமும் இல்லை, படையும் இல்லை என்றால் எதற்காகத்தான் கூடுகிறார்கள்?

குறை சொல்வதற்கு. கேலியாகச் சொல்லவில்லை. அந்தக் குறை நியாயமானது.

அனைத்துலகப் பண நிதியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடனில் மூழ்கும் நாட்டைக் கைதூக்கிவிடும் அந்த அமைப்பில் அமெரிக்காவின் வாக்குப் பலம் சுமார் 16.5 விழுக்காடு. முக்கியமான முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அமெரிக்கா மட்டும் தலையசைக்க மறுத்தால் போதும், எதுவும் நகராது. உலகின் இரண்டாவது பெரிய பொருளியலான சீனாவுக்கு அங்கு இருப்பது ஏறத்தாழ 6 விழுக்காடு. இந்தியாவுக்கு 3 விழுக்காடுகூட இல்லை. இதையும் வளரும் நாடுகள் போராடித்தான் பெற்றன. வாக்குப் பங்கைச் சற்றே மாற்றியமைக்க 2010இல் உடன்பாடு கண்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 2015 டிசம்பர் வரை அதற்கு ஒப்புதல் தரவில்லை.

தலைமைப் பதவியும் அப்படித்தான். நிதியத்தின் தலைவர் ஐரோப்பியர், உலக வங்கியின் தலைவர் அமெரிக்கர் என்பது எழுதப்படாத சட்டமாகத் தொடர்கிறது. இப்போதைய உலக வங்கித் தலைவர் அஜய் பங்கா இந்தியாவில் பிறந்தவர் என்று நம்மவர்கள் பெருமைப்படுகிறார்கள். பெருமைப்படலாம், ஆனால் அவரும் அமெரிக்கக் குடிமகன்தான். ஒன்றுகூடிக் கேட்டால்தான் எடுபடும் என்று இந்த நாடுகள் முடிவு செய்ததில் வியப்பில்லை.

பிரிக்ஸ் ஜி7ஐ முந்திவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

ஜி7 என்பது அமெரிக்கா, ஜப்பான் உள்ளிட்ட ஏழு பணக்கார நாடுகளின் குழு. முந்தியதா என்பது எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிராங்கூன் சாலையில் ஒருவர் தோசை சாப்பிடக் கொடுக்கும் காசில் மதுரையில் இரண்டு மூன்று பேர் சிற்றுண்டி முடித்துவிடலாம். தோசை தோசைதானே, இரண்டு ஊரிலும் ஒரே மதிப்பு என்று கணக்கிடுவதை வாங்கும் திறன் அடிப்படை என்பார்கள். அந்தக் கணக்கில் உலக உற்பத்தியில் பிரிக்ஸ் நாடுகளின் பங்கு சுமார் 40 விழுக்காடு, ஜி7இன் பங்கு சுமார் 30 விழுக்காடு. முந்தியது உண்மை.

ஆனால் சந்தையில் டாலருக்கு என்ன விலையோ அந்த விலையில் கணக்கிட்டால் படம் தலைகீழாகிறது. ஜி7 நாற்பது விழுக்காட்டுக்கு மேல். பிரிக்ஸ் கால்பங்கைச் சற்றே தாண்டும். உள்ளூரில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அறிய முதல் கணக்கு நல்லது. எண்ணெய், விமானம், கணினிச் சில்லு வாங்க, வெளிநாட்டுக் கடன் அடைக்க இரண்டாவதுதான் செல்லும். வாட்ஸ்அப்பில் எப்போதும் முதல் கணக்குதான் வரும், இரண்டாவது வருவதே இல்லை. மக்கள்தொகையில் மட்டும் சந்தேகம் வேண்டாம்: உலக மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிரிக்ஸ் நாடுகளில் இருக்கிறார்கள்.

திடீரென்று ஏன் இத்தனை நாடுகள் வரிசையில் நிற்கின்றன? சவூதி சேர்ந்ததா இல்லையா?

2023 ஆகஸ்ட்டில் ஜோகன்னஸ்பர்க் மாநாடு ஆறு நாடுகளுக்கு அழைப்பு விடுத்தது. அர்ஜென்டினாவில் அதற்குள் ஆட்சி மாறியது. புதிய அதிபர் ஹாவியர் மிலே அந்த டிசம்பரிலேயே வேண்டாம் என்று கடிதம் அனுப்பிவிட்டார். நான்கு நாடுகள் சேர்ந்தன. சவூதி அரேபியா கூட்டங்களுக்கு வருகிறது, புகைப்படத்தில் நிற்கிறது, உறுப்பினராகிவிட்டேன் என்று மட்டும் உறுதியாகச் சொல்லாமல் இழுத்தடித்தது. வாஷிங்டனையும் பெய்ஜிங்கையும் ஒரே நேரத்தில் காக்கவைப்பதில் ரியாத்துக்கு லாபம் இருக்கிறது; சேர்ந்துவிட்டால் அந்தப் பேரம் போய்விடும். இது என் ஊகம்.

2024 அக்டோபரில் ரஷ்யாவின் கஸான் நகரில் 'பங்காளி நாடு' என்ற புதிய படி ஒன்றை உருவாக்கினார்கள். கூட்டங்களுக்கு வரலாம், முடிவெடுப்பதில் பங்கில்லை. பெலருஸ், பொலிவியா, கஸக்ஸ்தான், கியூபா, மலேசியா, தாய்லாந்து, உகாண்டா, உஸ்பெக்கிஸ்தான், நைஜீரியா, வியட்னாம் என அந்தப் பட்டியல் 2025இல் பத்தாக வளர்ந்தது.

வருபவர்களின் காரணங்கள் ஒன்றல்ல. ஈரானுக்குத் தனிமையிலிருந்து வெளியேற ஒரு வாசல் வேண்டும். எத்தியோப்பியாவுக்கு வளர்ச்சிக் கடன் வேண்டும். ஐக்கிய அரபு சிற்றரசுகளுக்கு எல்லாரோடும் வணிகம் வேண்டும். எல்லாருக்கும் பொதுவானது, ஒரே கதவை நம்பி இருக்கக் கூடாது என்ற எண்ணம்.

பிரிக்ஸ் வங்கி என்று ஒன்று இருக்கிறதாமே? அதில் நாமும் கணக்குத் தொடங்கலாமா?

முடியாது, அது அரசாங்கங்களுக்கும் பெரிய திட்டங்களுக்கும் கடன் தரும் வங்கி. முறையான பெயர் புதிய வளர்ச்சி வங்கி. 2014 ஜூலையில் பிரேசிலின் ஃபோர்தலேசாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தலைமையகம் ஷாங்ஹாய். முதல் தலைவர் இந்தியாவின் கே.வி. காமத், இப்போதைய தலைவர் பிரேசிலின் முன்னாள் அதிபர் டில்மா ரூசெஃப். நிறுவிய ஐந்து நாடுகளும் ஆளுக்கு 10 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீடு என்று ஒப்புக்கொண்டன, ஆளுக்குச் சமமான வாக்கு. பண நிதியத்தைப் பற்றி மேலே சொன்ன குறைக்கு இவர்கள் கொடுத்த பதில் இது என்றே பார்க்கிறேன்; பிரிக்ஸ் செய்தவற்றில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியதும் இதுதான்.

தொட்டுப் பார்க்க ஷாங்ஹாய் வரை போக வேண்டியதில்லை. சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் இந்த வங்கியும் ஒன்று. அதே திட்டத்துக்கு ஜப்பானின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜைக்காவும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்திருக்கின்றன. யார் எந்த அணி என்று கடன் வாங்குபவர் பார்ப்பதில்லை, வட்டியைப் பார்க்கிறார். இன்னொரு செய்தி: 2022 மார்ச்சில், ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்த சில நாள்களிலேயே, இந்த வங்கி ரஷ்யாவில் புதிய கடன்களை நிறுத்திவைத்தது. வங்கியை நிறுவிய நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று என்பது அங்கு எடுபடவில்லை. டாலரில் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும் வங்கி, மேலைநாட்டு முதலீட்டாளர் முகம் சுளிப்பதைத் தாங்க முடியாது.

டாலர் ஒழிந்து பிரிக்ஸ் நாணயம் வரப்போகிறதா? புட்டின் கையில் நோட்டு வைத்திருந்த படத்தைப் பார்த்தேனே!

கஸான் மாநாட்டின்போது புட்டின் கையில் இருந்தது அடையாளத்துக்காக அச்சடித்த மாதிரித் தாள். அதைக் கொண்டு ஒரு காப்பிகூட வாங்க முடியாது. பிரிக்ஸ் நாணயம் என்று எதுவும் இல்லை. வெளியிடுவதற்கான பொது மைய வங்கியும் இல்லை. பொது நாணயம் வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே வட்டி விகிதத்துக்கு உட்பட வேண்டும். இந்தியா தன் வட்டி விகிதத்தைச் சீனாவோடு உட்கார்ந்து முடிவு செய்யும் நாளை உங்களால் கற்பனை செய்ய முடிகிறதா? டாலரை ஒழிப்பது எங்கள் கொள்கை அல்ல என்று இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் 2024இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

உண்மையில் நடப்பது வேறு, அது கவனிக்கத் தக்கது. 2022இல் ரஷ்ய மைய வங்கியின் சுமார் 300 பில்லியன் டாலர் மதிப்புள்ள இருப்பை மேலை நாடுகள் முடக்கின. அதைப் பார்த்த பல நாடுகள், நாளை நமக்கும் இது நடக்கலாம் என்று கணக்குப் போட்டன. மைய வங்கிகள் தங்கம் வாங்கிக் குவிக்கின்றன; 2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல். அவரவர் நாணயத்தில் வணிகம் செய்வதும் கூடியிருக்கிறது. அதிலும் சிக்கல் உண்டு. இந்தியா ரஷ்ய எண்ணெயை அள்ளி வாங்கியது. ரஷ்யா இந்தியாவிடம் வாங்க அவ்வளவு பொருள் இல்லை. இந்திய வங்கிகளில் பில்லியன் கணக்கில் ரூபாய் குவிந்து கிடக்கிறது, பயன்படுத்த வழியில்லை என்று 2023 மே மாதம் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் கோவாவில் வாய்விட்டுச் சொன்னார்.

நாடுகளின் அந்நியச் செலாவணி இருப்பில் டாலரின் பங்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது; 2024இல் 60 விழுக்காட்டுக்குக் கீழே. தேய்கிறது, ஆனால் மெல்ல. இழந்த பங்கில் பெரும்பகுதி சீன யுவானுக்கும் போகவில்லை. பல சிறு நாணயங்களுக்குப் பிரிந்து போயிருக்கிறது.

ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். இதனால் எனக்கு ஏதாவது ஆகுமா?

பிரிக்ஸால் ஒன்றும் ஆகாது. 2023 பிப்ரவரி முதல் கைப்பேசி வழி உடனடியாகப் பணம் அனுப்பும் முறைகளான சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைக்கப்பட்டிருக்கின்றன. இங்கிருந்து சிங்கப்பூர் வெள்ளியில் அனுப்பினால் அங்கு ரூபாயில் சேர்கிறது. அதைச் செய்தவை நம் நாணய ஆணையமும் இந்திய ரிசர்வ் வங்கியும். தாய்லாந்து, மலேசியாவோடும் இப்படி இணைப்புகள் உண்டு. மாநாடு எதுவும் போட்டுப் பறைசாற்றாமல் நடந்த வேலை இது. வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்பதற்குப் பிரிக்ஸ் செய்தியைப் பார்க்காதீர்கள்.

இந்தியாவும் சீனாவும் எல்லையில் அடித்துக்கொள்கின்றன. இவர்கள் எப்படி ஒரே கூட்டணி?

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். நான்காண்டுகள் இரு நாட்டுத் தலைவர்களும் முறையாக உட்கார்ந்து பேசவில்லை. கடைசியில் மோடியும் ஸி ஜின்பிங்கும் 2024 அக்டோபரில் இருதரப்புப் பேச்சு நடத்திய இடம் கஸான், பிரிக்ஸ் மாநாட்டு நேரத்தில். எல்லைச் சுற்றுக்காவல் பற்றிய உடன்பாட்டை அதற்குச் சில நாள் முன்னர்தான் அறிவித்தார்கள். யார் யாருடைய வீட்டுக்குப் போவது என்ற மானப் பிரச்சினை எழாமல், எப்படியும் வர வேண்டிய மூன்றாவது இடத்தில் சந்திக்க முடிந்தது. பகை தீரவில்லை, பேச இடம் கிடைத்தது.

உள்ளே பகை இவர்களோடு முடியவில்லை. நீல நைல் நதியின் மேல் எத்தியோப்பியா கட்டிய பெரிய அணையால் எகிப்துக்கு ஆத்திரம். வளைகுடாவில் மூன்று தீவுகளுக்காக ஈரானும் ஐக்கிய அரபு சிற்றரசுகளும் பல்லாண்டுகளாக மல்லுக்கட்டுகின்றன. எல்லாரும் இசைய வேண்டும் என்ற விதியோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், ஆள் கூடக் கூட முடிவு எடுப்பது ஏன் கடினமாகிறது என்பது விளங்கும்.

இது அமெரிக்காவுக்கு எதிரான அணிதானே? மழுப்பாமல் சொல்லுங்கள்.

ரஷ்யாவும் ஈரானும் அப்படி ஆக்கப் பார்க்கின்றன. மற்றவை விரும்பவில்லை. இந்தியா அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு குவாட் என்ற நால்வர் அமைப்பில் இருக்கிறது. ஐக்கிய அரபு சிற்றரசுகளில் அமெரிக்கப் படைகள் இருக்கின்றன. 2022 மார்ச் 2ஆம் தேதி ஐநா பொதுச் சபை ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து வாக்களித்தபோது பிரேசில், எகிப்து, இந்தோனேசியா, ஐக்கிய அரபு சிற்றரசுகள் எல்லாம் ஆதரவாக வாக்களித்தன. இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா, ஈரான் ஒதுங்கின. ரஷ்யாவின் பக்கம் நின்று எதிர்த்து வாக்களித்த பிரிக்ஸ் நாடு ரஷ்யா மட்டும்தான்.

2025 ஜூலை ரியோ கூட்டறிக்கையைப் படித்தால் இந்த இழுபறி தெரியும். ஈரான் மீதான தாக்குதல்களைக் கண்டிக்கிறார்கள். தாக்கியது யார் என்று பெயர் சொல்லவில்லை. வரிகளைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். வரி போட்டவர் பெயர் இல்லை. அவ்வளவு கவனமாக எழுதியும், பிரிக்ஸின் 'அமெரிக்க எதிர்ப்புக் கொள்கை'களோடு சேரும் நாடுகளுக்குக் கூடுதலாக 10 விழுக்காடு வரி என்று டிரம்ப் மிரட்டினார். அதற்கு முன் 2024 நவம்பரில், டாலருக்கு மாற்று நாணயம் கொண்டுவந்தால் 100 விழுக்காடு என்றார். இல்லாத நாணயத்துக்கு வரி மிரட்டல் என்பதை வரலாற்று மாணவர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சீனாவின் கைப்பாவை என்கிறாரே என் நண்பர்?

சந்தை விலைக் கணக்கில் சீனப் பொருளியல் மற்ற ஒன்பதையும் கூட்டினாலும் அதைவிடப் பெரியது. நெருக்கடி காலத்துக்கென்று உருவாக்கிய 100 பில்லியன் டாலர் அவசர நிதி ஏற்பாட்டில் சீனாவின் பங்கு 41 பில்லியன். ஆக, நண்பரின் கவலை ஆதாரமற்றது அல்ல.

ஆனால் கைப்பாவை என்பது மிகை. வங்கியில் சமவாக்கு வேண்டும் என்று மற்றவர்கள் நின்று பெற்றார்கள். விரிவாக்கத்தைச் சீனா விரைவுபடுத்தப் பார்த்தபோது இந்தியாவும் பிரேசிலும் தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டன. 2025இல் ரியோவுக்கு ஸி ஜின்பிங் நேரில் போகவே இல்லை. பிரதமர் லி சியாங்கை அனுப்பினார். முழுமையாகத் தன் கட்டுப்பாட்டில் உள்ள மேடையாக இருந்தால் போகாமல் இருந்திருப்பாரா?

இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, வியட்னாம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆசியான் உடையுமா?

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் இருந்துகொண்டேதான் இவை பிரிக்ஸுக்குப் போகின்றன. 'அந்தப் பக்கம்' என்று ஒன்று இருப்பதாக அந்த நாடுகளே நினைக்கவில்லை. பிரிக்ஸில் சேர்ந்த இந்தோனேசியா, பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடியில் சேரவும் விண்ணப்பித்திருக்கிறது. தாய்லாந்தும் அப்படியே. தென்சீனக் கடலில் சீனாவோடு தகராறு உள்ள வியட்னாமும் மலேசியாவும் பங்காளி நாடுகளாக இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் யாரும் ஒரே படகில் இரு கால்களையும் வைப்பதில்லை.

அண்டை வீட்டார் எல்லாம் போகும்போது சிங்கப்பூர் ஏன் சேரவில்லை? நமக்கு நஷ்டம் இல்லையா?

இது என் வாசிப்பு. அரசாங்கத்தின் விளக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் நஷ்டக் கணக்கு. பிரிக்ஸ் எந்த வரியையும் குறைப்பதில்லை. அது வர்த்தக உடன்பாடு அல்ல. அந்த நாடுகளோடு நமக்கு வேண்டிய உடன்பாடுகள் வேறு வழியில் ஏற்கெனவே இருக்கின்றன. இந்தியாவோடு 2005 முதல், சீனாவோடு 2009 முதல், வளைகுடா நாடுகளோடு 2013 முதல். பிரேசில் அடங்கிய தென்னமெரிக்க வர்த்தகக் கூட்டமைப்பான மெர்கோசூரோடு 2023 டிசம்பரில் கையெழுத்தானது. இந்தோனேசியா ஆசியானிலேயே இருக்கிறது. சேராததால் துறைமுகத்தில் ஒரு கொள்கலன்கூடக் குறையாது.

அடுத்தது இடம். நம் வர்த்தகம் நம் பொருளியலைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. எந்தப் பெரிய நாட்டின் மேடையிலும் ஏறாமல் எல்லாரோடும் விற்று வாங்குவதே நம் பிழைப்பு. அதற்காக நாம் பேசாமல் இருந்துவிடவும் இல்லை. 1992இல் ஐநாவில் சிறு நாடுகளின் மன்றத்தைத் தொடங்கியது சிங்கப்பூர். இன்று அதில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள். மூன்றாவது, உக்ரேன். எல்லை தாண்டிப் படை அனுப்புவதைச் சிறிய நாடு ஒன்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பதால் சிங்கப்பூர் 2022இல் ரஷ்யா மீது தானாகவே தடைகள் விதித்தது. அதன் பிறகு ரஷ்யாவும் சேர்ந்து நிறுவிய மேடையில் புன்னகையோடு நிற்பது எளிதல்ல.

அமெரிக்காவோடு இவ்வளவு ஒட்டி இருந்தும் 2025இல் நமக்கும் 10 விழுக்காடு வரி போட்டார்களே! பேசாமல் பிரிக்ஸிலாவது சேர்ந்திருக்கலாம்.

கோபம் நியாயம். 2004 முதல் தடையற்ற வர்த்தக உடன்பாடு இருக்கிறது. அமெரிக்காதான் நம்மிடம் வாங்குவதைவிட நமக்கு அதிகம் விற்கிறது. அப்படியும் அந்த ஏப்ரலில் வரி வந்தது.

ஆனால் பிரிக்ஸ் குடை மழையைத் தடுத்ததா என்று பாருங்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பிரேசிலின் பல பொருள்கள் மீதும் இந்தியப் பொருள்கள் மீதும் அமெரிக்க வரி 50 விழுக்காட்டைத் தொட்டது. செப்டம்பரில் பிரேசில் அதிபர் லூலா காணொளி வழி அவசர மாநாட்டைக் கூட்டினார். மோடி வரவில்லை, ஜெய்சங்கர் வந்தார். கூட்டாகப் பதிலடி எதுவும் பிறக்கவில்லை. ஒவ்வொரு நாடும் தனித்தனியே வாஷிங்டனோடு பேரம் பேசப் போயிற்று.

ஐநா பாதுகாப்பு மன்றத்தில் இந்தியாவுக்கு நிரந்தர இடம் வாங்கித் தருமா?

2023 ஜோகன்னஸ்பர்க் அறிக்கை பாதுகாப்பு மன்றம் உள்ளிட்ட ஐநா அமைப்புகளில் கூடுதல் பங்கு வேண்டும் என்ற பிரேசில், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் விருப்பத்தைப் பெயர் சொல்லி ஆதரித்தது. விரிவாக்கத்துக்குப் பிறகு அதுவே சிக்கலாகிவிட்டது. 2025 ஏப்ரலில் ரியோவில் கூடிய வெளியுறவு அமைச்சர்களால் கூட்டறிக்கையே வெளியிட முடியவில்லை. ஆப்பிரிக்காவின் சார்பில் தென்னாப்பிரிக்கா ஏன் என்று எகிப்தும் எத்தியோப்பியாவும் மறித்தன. மேலே சொன்ன அணைச் சண்டைக்காரர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான் போலும். நிரந்தர இடமும் ரத்து அதிகாரமும் உள்ள ரஷ்யாவும் சீனாவும் உள்ளேயே இருக்கும்போது, அவர்கள் தங்கள் சலுகையை எவ்வளவு தாராளமாகப் பங்கிடுவார்கள் என்பது அடுத்த கேள்வி.

சரி, உருப்படியாக எதையாவது மாற்றியிருக்கிறதா?

வங்கியைச் சொன்னேன். இன்னொன்று, நேரடியாகப் பிரிக்ஸ் செய்தது அல்ல, ஆனால் அந்த நாடுகளின் தன்னம்பிக்கையில் விளைந்தது. பெரிய பொருளியல்கள் கூடும் ஜி20 குழுவின் தலைமை 2022இல் இந்தோனேசியா, 2023இல் இந்தியா, 2024இல் பிரேசில், 2025இல் தென்னாப்பிரிக்கா என்று நான்காண்டு தொடர்ந்து வளரும் நாடுகளிடம் இருந்தது. 2023 புதுடில்லி மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி20இன் நிரந்தர உறுப்பினரானது. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு ஒரே நாளில் இருக்கை கிடைத்தது. பிரிக்ஸின் நீண்ட கூட்டறிக்கைகள் எல்லாவற்றையும்விட இது பெரிய மாற்றம் என்பேன். பண நிதியத்தின் வாக்குக் கணக்கு மட்டும் பெரிதாக அசையவில்லை.

பிரிக்ஸ் நாணயத்தில் இப்போதே முதலீடு செய்தால் பத்து மடங்கு என்று டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். போடலாமா?

போடாதீர்கள். அப்படி ஒரு நாணயம் இல்லை என்பதை மேலே பார்த்தோம். இல்லாததை விற்பவர் மோசடிக்காரர். உறுப்பு நாட்டின் அமைச்சர் பேசுவது போன்ற காணொளியைக் காட்டினாலும், முதலில் சிறு தொகையைத் திருப்பிக் கொடுத்து நம்பவைத்தாலும், பதில் அதுவே. நாணய ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். பட்டியலில் இல்லை என்பதால் நல்லவர் என்றாகிவிடாது. ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் முதலில் உங்கள் வங்கியைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு காவல்துறையில் புகார் கொடுங்கள். மோசடிதானா என்று சந்தேகமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.